கையொப்பம் யாருடையது?

(விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் மாதவியின் ஆடலை மறந்திருக்க மாட்டார்கள். அவள் ஆடிய மேடையை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லுகிறார் இளங்கோவடிகள். புகுவதற்கும் புறப்படுவதற்கும் இரண்டு வாயில்கள். மூன்று வகை எழினிகள். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு இடமறிந்து வைக்கப்பெற்ற விளக்குகள். இன்று விழா ஏற்பாட்டாளர் என்று சொல்லப்படுபவர் செய்யும் வேலையும் பெரிதும் இதுவே. ஆடல் முடிந்ததும் மாதவிக்கு மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கிடைத்தன என்று காப்பியம் கூறுகிறது. மேடை அமைத்த தச்சனுக்கும் விளக்கு வைத்தவனுக்கும் கூலி எந்த நாளில் கிடைத்தது என்பதை அது கூறவில்லை. காப்பியத்திற்கு அது வேண்டாத செய்தி. விழா ஏற்பாட்டையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணுக்கு அதுவே தலையாய செய்தி.

சென்னையிலும், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களிலும் பெண்கள் இருவரோ மூவரோ சேர்ந்து விழா ஏற்பாட்டையும் விளம்பரப் பணியையும் ஒருசேர நடத்துவது இன்று வியப்பான செய்தியன்று. உழவிலும் ஆசிரியப் பணியிலும் ஊன்றி நின்ற சமணக் குடும்பங்களுக்கு மட்டும் இது சற்றே புதிய துறை. மாதம் பிறந்தால் சம்பளம், அறுவடை முடிந்தால் நெல் என்று கணக்குப் போட்டுப் பழகிய வீட்டில், மகளோ மருமகளோ இத்தொழிலில் இறங்குகிறாள் என்றால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இரவு நேரத்தில் எப்படி வீடு திரும்புவாய்?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண்பது எளிது. ஒரு வண்டி, நம்பகமான ஓர் ஓட்டுநர், அந்தச் செலவை விலைப்புள்ளியிலேயே சேர்த்து எழுதும் துணிவு. கேட்கப்படாமல் போகும் கேள்விகளே பின்னர் வருத்துகின்றன.

விழாவும் விளம்பரமும் ஏன் ஒரே கூரையின் கீழ் வந்தன? விடை தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியிலும் இல்லை, புரட்டாசியைத் தவிர்க்கும் குடும்பங்களும் பல. முகூர்த்த வேலையை மட்டும் நம்பியிருப்பவள் ஆண்டில் ஏறத்தாழக் கால் பங்கு நாட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க நேரிடும். அதே ஆடியில்தான் துணிக்கடைகள் தள்ளுபடி அறிவிக்கின்றன. மார்கழியில் சென்னைச் சபாக்கள் இசைவிழா நடத்துகின்றன. தீபாவளிக்கு முன் ஒவ்வொரு கடைக்கும் விளம்பரம் வேண்டும். நிதியாண்டு முடிவை ஒட்டி நிறுவனங்கள் தம் விற்பனையாளர்களைக் கூட்டி விருந்து வைக்கின்றன. கல்யாணம் ஓயும்போது கடைத்தெரு விழிக்கிறது. இதைக் கண்டுகொண்ட பெண்கள் மேடை அலங்காரத்தோடு துண்டறிக்கை, கைப்பேசிக் காணொளி, கடை திறப்பு விழா என்று கையை நீட்டினார்கள். எந்த வணிகவியல் நூலையும் பார்த்து வந்த ஏற்பாடு அன்று இது. வீட்டுச் செலவை மாதந்தோறும் நிரவிப் பார்த்த கைகளுக்குத் தானே தோன்றியது.

தொழிலின் நுட்பங்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. ஓராண்டு ஓடினால் அவை பிடிபட்டுவிடும். முகூர்த்த நாளுக்கு முந்திய இரவில் கோயம்பேட்டில் மல்லிகையின் விலை எங்கே போய் நிற்கும் என்பதும், ஜெனரேட்டர்காரரிடம் டீசல் யார் கணக்கில் என்று முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும் என்பதும், திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதும் அனுபவத்தில் வரும். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கலாம். கல்யாண வீட்டில் திரைப்பாடல் ஒலிக்கப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. நிறுவனத்தின் ஆண்டு விழாவில் அதே பாடலை ஒலிக்க உரிமம் வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், உரிமத் தொகையைக் கடைசி நேரத்தில் தம் கைப்பணத்திலிருந்து கட்ட நேர்ந்தால் அன்றைய ஊதியம் அதிலேயே போய்விடும்.

இனிக் கணக்கிற்கு வரலாம். தோழியர் இருவர் நடத்தும் ஒரு சிறு நிறுவனம், ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் விற்பனையாளர் கூட்டத்தை நடத்தித் தர ஒப்புக்கொள்வதாகக் கொள்வோம். பேசிய தொகை 5,00,000 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 90,000 ரூபாய். முன்பணமாக 1,50,000 ரூபாய் வருகிறது. பந்தல், ஒலி, ஒளி, எல்.இ.டி. திரை, சமையல், பூ, ஆட்கூலி எல்லாம் சேர்ந்து 4,00,000 ரூபாய். இவர்களுள் யாரும் கடன் சொல்ல இடம் தருபவர் அல்லர். சமையல் மாஸ்டரும் பந்தல்காரரும் அன்றிரவே பணம் வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறுவார்கள். அவர்களும் கூலியாட்களுக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? வரியோ, வாடிக்கையாளர் பணம் தந்தாரா இல்லையா என்று கேட்பதில்லை. பில் எழுதிய மாதத்திற்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் பொதுவாகக் கட்டியாக வேண்டும். பொருள் தந்தவர்களுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அவர்களுக்குக் கொடுத்ததும் அரசுக்குக் கட்டியதும் சேர்ந்தால் அதே 90,000 தான்.

ஆகக் கையைவிட்டுப் போனது 4,90,000. கைக்கு வந்தது 1,50,000. இடைவெளி 3,40,000 ரூபாய். மீதித் தொகை 4,40,000இல் வருமான வரிக்கென்று 2 சதவீதப் பிடித்தமாக 10,000 போக, 4,30,000 ரூபாய் மூன்று மாதம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதியம் ஒரு லட்சம் என்று ஏட்டில் தெரிகிறது. ஆனால் அந்த 3,40,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டியில் வெளியே வாங்கியிருந்தால், மூன்று மாத வட்டி 20,400 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு ஊதியம் வட்டிக்காரர் வீட்டிற்குப் போயிற்று. இதே அளவில் மூன்று வேலைகள் ஒரே பருவத்தில் கிடைத்தால் வீட்டார் மகிழ்வார்கள். அந்தப் பெண்ணோ 10,20,000 ரூபாய்க்கு வழி தேட வேண்டும். வேலை பெருகப் பெருகக் கைமுடை பெருகும் விந்தையான தொழில் இது. அப்போது பெட்டியிலிருந்து வளையல் வெளியே வருகிறது. நகைக்கடன் வாங்குவது எளிது. வாடிக்கையாளர் தாமதித்தால் மீட்பது எளிதன்று. தாய் வீட்டுச் சீதனம் யாரோ ஒரு கணக்குப் பிரிவு அதிகாரி கையெழுத்திடுவதற்காக வங்கிப் பெட்டகத்தில் காத்திருக்கும்.

சட்டம் இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. பலர் அதை அழைப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு நிறுவனத்திற்கும் சிறு நிறுவனத்திற்கும் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், அதுவும் 45 நாட்களுக்கு மேற்படாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. இது சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். 2023ஆம் ஆண்டில் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு இதற்குப் பல் முளைக்க வைத்தது. உரிய நாளுக்குள் பணம் தராத வாங்குநர், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் தம் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். இதற்கெல்லாம் அடிப்படை உத்யம் பதிவு. கட்டணம் இல்லை, இணையத்தில் செய்துகொள்ளலாம், வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே செய்திருப்பது நல்லது.

வாடிக்கையாளர்மேல் முறையிட்டால் அடுத்த வேலை கிடைக்குமா என்ற அச்சம் உண்டு. அது பொருளற்ற அச்சமும் அன்று. அதனால்தான் சண்டையாகப் பின்னர்ச் சொல்வதை, விலைப்புள்ளியிலேயே ஒரு வரியாக முன்னர்ச் சொல்லிவிட வேண்டும். உத்யம் எண்ணும் 45 நாள் என்ற சொல்லும் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருந்தால், யாரும் யாரையும் கடிந்து பேச வேண்டியதில்லை. முன்பணத்தை 30 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகக் கேட்கும் பழக்கமும் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் முன்பணம் 3,00,000 ஆக இருந்தால் இடைவெளி 1,90,000ஆகச் சுருங்கிவிடுகிறது. பெண் கேட்டால் "கறாராக இருக்கிறாள்" என்பார்கள். ஆண் கேட்டால் "தொழில் தெரிந்தவர்" என்பார்கள். இந்த அளவுகோல் வேறுபாடு உடனே மாறப்போவதில்லை. கேட்டுப் பழகுவதே வழி.

முன்பணத்தைப் பற்றி இன்னொரு செய்தி. அது வருவாய் அன்று. வேலை முடியும்வரை வாடிக்கையாளரின் பணம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களுக்காக வாங்கியிருந்த முன்பணங்களைக் குடும்பங்கள் திருப்பிக் கேட்டன. அதே மே மாதத்தில் திருமணத்திற்கு 50 பேருக்குமேல் கூடக் கூடாது என்று விதி வந்தது. முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு நற்பெயரோடு காத்திருக்க முடிந்தது. அதைக்கொண்டு பழைய விழாவின் பாக்கியை அடைத்திருந்தவர்களோ தொலைபேசியை எடுக்கவே அஞ்சினார்கள்.

சொந்தங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவையிலுள்ளோர் பொறுத்தருள்க. நம் பெண் தானே என்று சொல்லி, சீமந்தத்திற்கும் புதுமனை புகுவிழாவிற்கும் கூலி கேட்க இடம் தராத உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. அவள் தன் உழைப்பை அன்பளிப்பாகத் தரலாம். பூக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் அவள் கொடுக்க வேண்டிய பணம் அன்பளிப்பாகாது. பில் எழுதி, அதில் தன் ஊதியத்தைக் கழித்துக்காட்டி, மீதியைக் கேட்டு வாங்குவது உறவைக் கெடுக்காது. கேட்காமல் மனத்திற்குள் வைத்திருப்பதே கெடுக்கும். அறக்கட்டளைகளும், இவ்வறக்கட்டளையைச் சேர்த்தே, ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். தொண்டு வேறு, தொழில் வேறு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் இரண்டும் நன்றாக நடக்கும்.

இவையெல்லாம் கணக்கின் வழியே வரும் இடர்கள். உடைமையின் வழியே வரும் இடர் இவற்றினும் ஆழமானது. அதை விளக்க அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாறு உதவும்.

டப்பர்வேர் என்னும் பிளாஸ்டிக் பாத்திரங்கள் இங்குள்ள சமையலறைகள் பலவற்றிலும் உண்டு. அவற்றை உருவாக்கியவர் ஏர்ல் டப்பர். பொருள் நல்ல பொருளே, கடையில் விற்கவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும் என்பது வாங்குபவர்களுக்குத் தெரியவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி, மணமுறிவு பெற்று ஒரு மகனைத் தனியே வளர்த்துவந்தவர், வீட்டுக் கூடத்தில் பெண்களைக் கூட்டிச் சிறு விருந்துபோல் நிகழ்ச்சி நடத்தி இவற்றைச் செய்து காட்டி விற்றார். பழச்சாறு நிறைந்த பாத்திரத்தை அறைக்குள் தூக்கி எறிந்து, சிந்தாததைக் காட்டுவார். விற்பனை பெருகியதைக் கண்ட டப்பர், 1951இல் தம் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, வீட்டு நிகழ்ச்சிகளின் வழியே மட்டும் விற்பது என்று முடிவு செய்து, அந்தப் பிரிவின் துணைத் தலைவராக அவரை அமர்த்தினார். புளோரிடாவின் கிஸ்ஸிமி என்னும் ஊரில் அவர் 1954 முதல் நடத்திய ஆண்டுப் பெருவிழாவில், விற்பனைப் பெண்கள் மண்வெட்டியோடு நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைத்த பரிசுகளை எடுத்தார்கள். விழாவையே விளம்பரமாக்கும் கலையில் அவர் முன்னோடி. பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதற்பெண்ணும் அவரே, ஆண்டு 1954.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1958 சனவரியில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. வசித்த மாளிகையும் நிறுவனத்திற்கு உரியது. இறுதியில் கிடைத்தது ஏறத்தாழ ஓராண்டு ஊதியம். அதே ஆண்டில் டப்பர் தம் நிறுவனத்தை ரெக்சால் என்னும் நிறுவனத்திற்கு 1.6 கோடி டாலருக்கு விற்றார். வைஸ் தாமே ஓர் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கிப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1992இல் மறைந்தார். அவருடைய முகம் உலகறிந்தது, உழைப்பும் அவருடையதே, ஏடு மட்டும் இன்னொருவருடையது.

அங்கே பெண்ணின் உழைப்பு இருந்தது, உடைமை இல்லை. இங்கே சில வீடுகளில் நிலைமை தலைகீழாகக் காணப்படுகிறது. பெயரளவில் உடைமை இருக்கிறது, ஆட்சி இல்லை. பெண் தொழில்முனைவோர்க்கு அரசு சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. நடுவண் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்குவனவற்றில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதனுள் 3 சதவீதம் பெண்களின் நிறுவனங்களிடம் என்று 2018இல் சேர்க்கப்பட்டது. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா கடன் திட்டத்தில், கூட்டு நிறுவனமாயின் 51 சதவீதப் பங்கும் கட்டுப்பாடும் பெண்ணிடம் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. பங்கு மட்டும் போதாது, கட்டுப்பாடும் வேண்டும் என்ற அந்தச் சொல்லை எழுதியவர்கள் வீட்டு நடப்பை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். சலுகைக்காக மனைவி பெயரிலோ மருமகள் பெயரிலோ பதிவு செய்துவிட்டு, தொழிலை வீட்டு ஆண்கள் நடத்தும் வழக்கம் அருகியதன்று.

காசோலையில் கையொப்பம் அவளுடையது. வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் கணவருடையது. ஓ.டி.பி. அவருக்கு வருகிறது. ஜி.எஸ்.டி. தளத்தின் கடவுச்சொல் கணக்கரிடம் இருக்கிறது. வாடிக்கையாளரைச் சந்திக்கப் போனால் அவர் பக்கத்து நாற்காலியிலிருக்கும் ஆணைப் பார்த்தே விலை பேசுகிறார். இவற்றுள் கடைசியானது எரிச்சல் தருவது, அவ்வளவுதான். முதல் மூன்றும் இடர் தருபவை. தனியுரிமை நிறுவனத்தில் கடனுக்கு எல்லை கிடையாது. வரி கட்டாவிட்டாலும், வங்கித் தவணை தவறினாலும், அறிவிப்பு அவள் பெயருக்கே வரும். தான் பார்த்திராத கணக்கிற்குத் தான் விடை சொல்ல வேண்டிய நிலை. கணவர் நல்லவர் என்பது இதற்கு விடை ஆகாது. நல்ல கணவர்களும் நோயுறுகிறார்கள், கணக்கில் தவறுகிறார்கள்.

உதவி கூடாது என்று பொருளன்று. தந்தை பந்தல்காரரோடு பேரம் பேசலாம். கணவர் இரவில் வண்டி ஓட்டலாம். தம்பி வரைகலை செய்து தரலாம். அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் ஏட்டில் எழுதலாம். அந்த ஏடு யாருக்கு முன் விரிகிறது, எந்தக் கைப்பேசி ஒலிக்கிறது என்பதே கேள்வி.

தோழியர் கூட்டாக நடத்தும்போது இன்னும் ஒன்று. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஆவணத்தில் வேறாக எழுதாவிட்டால் பங்காளி ஒருவர் இறந்தாலே கூட்டு கலைந்துவிடும். இறப்பைப் பற்றித் தோழியர் பேசத் தயங்குவது இயல்பு. திருமணத்தைப் பற்றிப் பேசலாம் அல்லவா? ஒருத்திக்கு மாப்பிள்ளை பெங்களூரில் அமைகிறார். அல்லது கைக்குழந்தையோடு ஓராண்டு வர இயலவில்லை. அப்போது அவள் பங்கு என்ன ஆகும்? நிறுவனத்தின் பெயர் யாருக்கு? வாங்கிய விளக்குகளும் அலங்காரச் சட்டங்களும் எந்த விலைக்கு மதிக்கப்படும்? வர வேண்டிய பாக்கிகளில் அவளுக்கு எவ்வளவு? நட்பு நன்றாக இருக்கும் நாளில், ஒரு தேநீர் வேளையில் பேசி எழுதிவிடக்கூடியவை இவை.

இந்த மண்டபத்தின் மேடையை நேற்றிரவு கட்டியவர்கள் இன்று மாலை பிரிக்க வருவார்கள். அவர்களுக்கு உரிய தொகையை உறையில் இட்டுப் பொருளாளரிடம் ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அறிய மகிழ்ச்சி.